பாகூர் வயலுக்கு மேலே சிக்னல் எப்படி இருக்கிறது?

செல்பேசி டவரில் மாட்டியிருக்கும் நீளமான ஆன்டெனாக்களைச் சற்று நின்று பாருங்கள். பெரும்பாலும் அவை கொஞ்சம் குனிந்திருக்கும். நேராகத் தெரிகிறவற்றிலும் உள்ளே மின்முறையில் அலையைக் கீழ்நோக்கிச் சாய்த்திருப்போம். இந்தச் சாய்வை எங்கள் தொழிலில் டில்ட் என்பார்கள். மூன்று டிகிரி வைப்பதா, ஆறு டிகிரி வைப்பதா என்று பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மரக்காணத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரை, கடற்கரைச் சாலையிலும் உள்கிராமங்களிலும் அளவுக் கருவிகளோடு காரில் சுற்றுவேன். எங்கே சிக்னல் குறைகிறது, எங்கே ஒரு டவரின் அலை இன்னொன்றின் எல்லைக்குள் புகுந்து கெடுக்கிறது என்று குறித்து, டில்ட்டைத் திருத்த எழுதிக்கொடுப்பேன். இத்தனை ஆண்டுகளாக நான் அளந்தது முழுக்கத் தரையைத்தான். பஸ்ஸில் பேசிக்கொண்டு போகிறவர், மாடியில் பாடம் பார்க்கிற பிள்ளை, தாழங்குடாவில் கரையேறிய மீனவர் ஆகியோருக்காகவே இந்த வலைப்பின்னல் கட்டப்பட்டது.

தலைக்கு மேலே இருக்கும் முதல் நூறு மீட்டரைப் பற்றி என்னை யோசிக்க வைத்தவன் என் தம்பி. அவன் புதுச்சேரியைச் சேர்ந்த பாகூர் சுற்றுவட்டாரத்தில் வயல்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் வைத்திருக்கிறான். பத்து லிட்டர் தொட்டி வைத்த ஆறு இறக்கை இயந்திரம். கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து ஒருவர் அரை நாள் நடந்து அடிக்கும் ஓர் ஏக்கரை அது பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடும். பாகூர் ஏரிப் பாசனத்தில் சம்பா, நவரை என்று மாறி மாறி நெல் நிற்கும் ஊர் அது. வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிது. அதனால் நடவு முடிந்து பயிர் பிடித்த மாதங்களில் அவனுக்கு ஓய்வே இருக்காது.

சென்ற சம்பாவில் கிருமாம்பாக்கத்துக்கு உட்புறம் ஒரு வயலில் அவன் மருந்து தெளித்துக்கொண்டிருந்தபோது, பனைமர வரிசைக்கு அப்பாலிருந்து ஒரு கேமரா ட்ரோன் தாழ்வாக இறங்கி வந்திருக்கிறது. யாரோ கல்யாணத்துக்குப் படமெடுக்கிறார்கள். ஓட்டுகிறவரின் கண் திரையில் தெரியும் மணமக்கள் மேல் இருந்திருக்கும். வயலில் இன்னொரு இயந்திரம் பறப்பது அவருக்குத் தெரிய வழியில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் உயர இடைவெளிகூட இல்லை என்றான் தம்பி. அவன் உடனே இறக்கிவிட்டான். மற்றது வந்த வழியே போய்விட்டது. பக்கத்து வயலில் பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். மருந்து நிறைந்த தொட்டியோடு அந்த இயந்திரம் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். "அக்கா, அது யாருடையது என்று கேட்பதற்குக்கூட ஓர் இடம் இல்லையே" என்றான். அந்தக் கேள்விக்குப் பிறகு இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். கையில் கிடைத்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துவைத்திருக்கின்றன. பச்சையில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். அதற்கு மேல் போக வேண்டுமானால் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் அனுமதி தேவை. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் இந்த வரைபடம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. புதுச்சேரியின் லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து தெற்கே வந்தால், தவளக்குப்பம் அந்த வளையத்துக்குள் வரும். கிருமாம்பாக்கமும் பாகூரும் அதைத் தாண்டிவிட்டன, பச்சை. 2024 டிசம்பரில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் மீண்டும் விமானம் ஓடத் தொடங்கிய பிறகு அந்த வளையத்தின் அருமை எனக்குக் கூடுதலாகவே தெரிகிறது.

ஆனால் இந்த வரைபடம் சொல்வது எங்கே பறக்கலாம் என்பதை மட்டும். இப்போது அங்கே யார் பறக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. தம்பியும் அந்தப் படக்காரரும் இருந்தது பச்சைப் பகுதியில். உயரமும் விதிக்கு உட்பட்டது. இருவருமே விதியை மீறாமல் மோதிக்கொண்டிருக்க முடியும் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பெரிய விமானங்களுக்கு இந்தச் சிக்கல் வேறு வகையில் தீர்க்கப்பட்டது. ஒரு மனிதர் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்து, ரேடார் திரையைப் பார்த்து, விமானியோடு குரலில் பேசி, உயரமும் திசையும் சொல்வார். வயலுக்கு ஒன்று, மண்டபத்துக்கு ஒன்று, ஏரி அளவைக்கு ஒன்று என்று பறக்கும் ட்ரோன்களுக்கு அப்படி ஆள் வைத்துப் பேச முடியாது. பனை உயரத்தில் பறப்பது ரேடாரிலும் சரியாகத் தெரியாது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் பரிமள் கோபர்தேகர் தலைமையில் இதற்காக ஒரு முறையை வகுத்தார்கள். பறக்கப் போகிறவர் முன்கூட்டியே இந்த இடத்தில், இந்த நேரத்தில், இந்த உயரத்துக்குள் இருப்பேன் என்று ஒரு கனஅளவைப் பதிவு செய்வார். அதே கனஅளவை அதே நேரத்தில் இன்னொருவர் கேட்டால், அவருடைய மென்பொருளும் இவருடைய மென்பொருளும் தங்களுக்குள் பேசி நேரத்தையோ உயரத்தையோ மாற்றிக்கொள்ளும். பறக்கத் தொடங்கிய பிறகு ட்ரோன் தன் இருப்பிடத்தைத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். 2015இல் ஆளரவமற்ற நிலங்களுக்கு மேலே தொடங்கிய சோதனைகள், 2019இல் ரீனோ நகரத்திலும் டெக்சாஸ் கடற்கரையிலுள்ள கார்ப்பஸ் கிறிஸ்டி நகரத்திலும் உயரமான கட்டடங்களுக்கு நடுவே முடிந்தன. நம் நாட்டிலும் 2021 அக்டோபரில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கான தேசியக் கொள்கைச் சட்டகத்தை வெளியிட்டது. தனியார் சேவையாளர்கள் இந்த ஏற்பாட்டை நடத்தலாம் என்று அதில் இடம் வைத்திருக்கிறார்கள்.

சரி, ட்ரோன் தன் இருப்பிடத்தை யாருக்கு, எதன் வழியாகத் தெரிவிக்கும்? இங்கேதான் என் தொழில் வந்து நிற்கிறது. ஊர் ஊராக டவர் நட்டு வைத்திருக்கிறோம். மின்சாரம், கண்ணாடி இழைக் கேபிள், அடையாளம் சரிபார்க்கும் சிம், தகவலை மறைகுறியாக்கும் வசதி எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ட்ரோனுக்கென்று தனியாக ஒரு வலைப்பின்னல் கட்ட வேண்டுமானால் எத்தனை ஆண்டு, எத்தனை கோடி ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு டவருக்கு இடம் பிடிப்பதே எவ்வளவு பாடு என்று தினமும் பார்க்கிறேன். ருவாண்டாவில் 2016 முதல் மருத்துவமனைகளுக்கு ரத்தம் கொண்டுபோகும் ட்ரோன்கள் செல்பேசி வலைப்பின்னலைப் பயன்படுத்தியே தலைமையிடத்தோடு பேசுகின்றன. இருப்பிடத்தை நொடிக்கு ஒரு முறை சொல்வதற்கு மிகச் சிறிய தகவல் போதும். ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் புகைப்படத்தின் அளவுக்குள் வெகுநேரப் பயணத்தின் இருப்பிடக் குறிப்புகள் அடங்கிவிடும்.

இதைப் படித்ததும் முதலில் மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு, டில்ட் போடுகிறவள் என்ற முறையில், மேலே போனால் நம் சிக்னல் என்ன ஆகும் என்று யோசித்தேன். கவலை வந்தது.

டவரிலிருந்து புறப்படும் முதன்மைக் கதிர் தரையை நோக்கிப் போகிறது. முப்பது, நாற்பது மீட்டர் உயரத்திலிருக்கும் ஆன்டெனாவுக்கு மேலே போனவுடன் நீங்கள் அந்தக் கதிரை விட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். அங்கே கிடைப்பது பக்கக் கதிர்கள். எந்த ஆன்டெனாவும் தான் நினைத்த திசையில் மட்டும் அலையை அனுப்பாது. கொஞ்சம் அங்கங்கே சிதறும். சிதறல்களுக்கு இடையில் வெற்றிடங்களும் உண்டு. ஆகவே மேலே பறக்கும் ட்ரோனுக்குக் காலுக்கு நேர்கீழே இருக்கும் டவர் கேட்காமல், ஆறேழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவர் உரக்கக் கேட்கலாம். சில மீட்டர் நகர்ந்தால் அதுவும் போய் வேறொன்று வரும்.

சிக்னலே இருக்காது என்று நினைத்துவிடக் கூடாது. நடப்பது அதற்கு நேர்மாறு. தரையில் வீடும் மரமும் தொலைவிலுள்ள டவர்களை மறைத்துவிடுவதால், செல்பேசிக்கு அருகிலுள்ள சில மட்டுமே கேட்கும். அந்த மறைப்பை நம்பித்தான் நாங்கள் ஒரே அலைவரிசையைத் திரும்பத் திரும்ப எல்லா டவரிலும் பயன்படுத்துகிறோம். 120 மீட்டர் உயரத்தில் அடிவானம் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. எங்கள் பகுதி தட்டையான கடற்கரைச் சமவெளி. நடுவில் மறைக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. பாகூருக்கு மேலே நின்றால் புதுச்சேரி நகரமும் கடலூரும் தடையின்றித் தெரியும். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ரேடியோவுக்கும் கேட்கும். 2017இல் குவால்காம் நிறுவனம் அமெரிக்காவில் சோதித்துப் பார்த்து வெளியிட்ட அறிக்கையிலும் இதுதான் இருந்தது: உயரத்தில் சிக்னல் வலுவாகவே கிடைத்தது, ஆனால் பல டவர்களின் குறுக்கீட்டால் அதன் தரம் தரையில் இருப்பதைவிடக் குறைந்தது.

படித்ததோடு விட மனம் இல்லை. நில அளவைக்கு ட்ரோன் ஓட்டும் உரிமம் பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். கேட்க மட்டும் செய்யும், எதையும் ஒலிபரப்பாத சிறிய ரேடியோ பெறும் கருவி ஒன்றையும் கையடக்கக் கணினி ஒன்றையும் அவருடைய ட்ரோனில் கட்டி, பாகூருக்குக் கிழக்கே பச்சைப் பகுதியில் ஏற்றிப் பார்த்தோம். நடவு வயலின் வரப்பில் நின்றபோது கேட்டவை எல்லாம் எனக்குப் பழக்கமான டவர்கள்; ஒவ்வொன்றும் எந்த ஊர், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்காமலே சொல்வேன். பனை உச்சியைத் தாண்டியதும் பட்டியல் நீண்டது. இன்னும் மேலே போகப் போக அரியாங்குப்பம் வந்தது, கடலூர் முதுநகர் வந்தது. நானே டில்ட்டை இறக்கி, இனி இந்த எல்லையைத் தாண்டாது என்று எழுதிக்கொடுத்த ஆன்டெனாக்கள் அங்கே தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தன. தரையைப் பொறுத்தவரை அந்தத் திருத்தம் சரியானது. வானத்துக்கு அது பொருந்தாது என்பதை எண்களாகப் பார்த்தது அன்றுதான்.

இன்னொன்றையும் கண்டேன். 4ஜியில் ஒவ்வொரு செல்லுக்கும், அதாவது டவரின் ஒரு பக்கத்து ஆன்டெனா பார்த்துக்கொள்ளும் பகுதிக்கும், ஓர் அடையாள எண் உண்டு. மொத்தம் 504 எண்கள்தான் இருக்கின்றன. 5ஜியில் 1008. டவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அதே எண்ணைத் தள்ளித் தள்ளி மறுபடியும் கொடுப்போம். ஊருக்கு ஊர் காந்தி வீதி இருப்பதைப்போலத்தான். உள்ளூரில் இருக்கிறவருக்குக் குழப்பம் வராது. மேலே பறக்கும் ட்ரோனுக்கு இரண்டு ஊரும் ஒரே நேரத்தில் தெரிவதால், ஒரே எண் இரண்டு திசையிலிருந்து கேட்கிறது. அடுத்த டவருக்குக் கைமாற்றும்போது எந்தச் செல்லுக்கு மாற்றுவது என்று வலைப்பின்னல் தடுமாறினால் இணைப்பு அறுந்துபோகும். எண்களை ஒதுக்கிய எங்களைப் போன்றவர்கள் யாரும் வானத்திலிருந்து பார்த்து ஒதுக்கவில்லை.

இதில் தரையில் இருப்பவருக்கும் பங்கு உண்டு. ட்ரோனுக்குப் பல டவர்கள் கேட்கின்றன என்றால், ட்ரோன் பேசுவதும் அத்தனை டவருக்கும் கேட்கும். இருப்பிடம் மட்டும் சொன்னால் பாதிப்பில்லை. உயரத்தில் நின்று நேரலைப் படம் அனுப்பினால், அது இணைந்திருக்கும் ஒரு டவரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இரைச்சலாக ஏறும். காணும் பொங்கலன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் கூட்டம் நிற்கும்போது அங்குள்ள வலைப்பின்னல் படும் பாட்டை நான் அறிவேன். கூட்டத்தில் குழந்தையைத் தவறவிட்ட தாய் ஓர் அழைப்புக்காகத் திணறும் அந்த நேரத்தில் தலைக்கு மேலே நான்கு ட்ரோன்கள் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்?

இதையெல்லாம் உலக அளவில் யோசிக்காமல் இல்லை. செல்பேசித் தொழில்நுட்பத்தின் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 2017இல் ஆய்வு நடத்தி, தன் 15ஆம் வெளியீட்டிலேயே ட்ரோன்களுக்குச் சில ஏற்பாடுகளைச் சேர்த்தது. சந்தாவிலேயே இது பறக்கும் கருவி என்று குறித்துவைக்கலாம். குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதும் கருவி அதை டவருக்குத் தெரிவிக்கும். ஒரே சமயத்தில் பல செல்கள் வலுவாகக் கேட்கத் தொடங்கினால் அதையும் சொல்லும். கருவி மேலே ஏறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். போகும் வழியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, கைமாற்றங்களைத் தயார் செய்யலாம். அனுப்பும் ஆற்றலைக் குறைத்து இரைச்சலைக் கட்டுப்படுத்தலாம். 17ஆம் வெளியீட்டில் ட்ரோனின் அடையாளத்தைச் சரிபார்த்து, போக்குவரத்தை நடத்தும் அமைப்போடு வலைப்பின்னலே தொடர்புகொள்ளும் வழியையும் சேர்த்தார்கள். ஆக, புத்தகத்தில் வழி இருக்கிறது. டவரில் அந்த வசதிகளைத் திறந்துவைத்து, வானத்தை அளந்து, திருத்தி வைக்க வேண்டியது பாக்கி. அளக்காமல் எந்த வலைப்பின்னலும் சரியானதாக நான் கண்டதில்லை.

இனி அடையாளம் பற்றி. ட்ரோன் தன்னை யாரென்று சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வைஃபை அல்லது புளூடூத் வழியாகச் சுற்றியிருப்பவர்களுக்கு நேரடியாக ஒலிபரப்புவது. மற்றது, செல்பேசி வலைப்பின்னல் வழியாக ஒரு சேவையகத்துக்குச் சொல்வது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2019 இறுதியில் இரண்டையும் கேட்டு வரைவு வெளியிட்டது. 50,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. செல்பேசி சிக்னல் இல்லாத இடத்தில் பறப்பவர் என்ன செய்வார், சந்தாச் செலவை யார் ஏற்பார், தகவலை யார் வைத்திருப்பார் என்று கேட்டிருந்தார்கள். 2021 ஜனவரியில் வந்த இறுதி விதியில் நேரடி ஒலிபரப்பு மட்டும் நின்றது. ஐரோப்பா வேறு வழியில் போனது. 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளில், ட்ரோன் போக்குவரத்துக்கென்று ஒதுக்கப்படும் வான்பகுதிகளில் வலைப்பின்னல் வழி அடையாளம் கட்டாயச் சேவை.

எனக்கு இரண்டும் வேண்டும் என்று படுகிறது. நேரடி ஒலிபரப்பு டவர் செத்தாலும் வேலை செய்யும். பக்கத்து வயலில் இருப்பவரை எச்சரிக்க அது போதும். ஆனால் அமெரிக்க விதியின்படி அந்த ஒலிபரப்பில் ஓட்டுகிறவர் நிற்கும் இடமும் சேர்ந்தே போகிறது, அதைச் செல்பேசி வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம். மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்கள் மருந்து தெளிக்கப் பயிற்சி பெற்று வருகிறார்கள். ஊருக்கு வெளியே வரப்பில் தனியாக நின்று வேலை செய்யும் ஒரு பெண்ணின் இடத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஒலிபரப்புவதை நான் ஏற்க மாட்டேன். காரில் சுற்றிச் சிக்னலை அளக்கும் டிரைவ் டெஸ்ட்டுக்காக இருட்டிய பிறகும் ஆளில்லாச் சாலைகளில் வண்டி நிறுத்தியிருக்கிறேன். அந்த நேரத்தில் என் இருப்பிடம் யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது என்பது எனக்கு ஏட்டு விவாதம் இல்லை. வலைப்பின்னல் வழியாகப் போகும் தகவலில் படிநிலை வைக்க முடியும். பொதுமக்களுக்கு ட்ரோனின் இடமும் எண்ணும் போதும். இன்னொரு ஓட்டுநருக்கு உயரமும் திசையும் வேண்டும். பெயரும் நிற்கும் இடமும் காவல்துறைக்கு, அதுவும் காரணம் பதிவு செய்து கேட்டால் மட்டும். இந்திய விதி வகுக்கப்படும்போது இதை யாராவது அழுத்திச் சொல்ல வேண்டும்.

இப்போது எங்கள் ஊருக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கிருஷ்ணா நகரில் வீடுகளில் சிக்கியவர்களை ராணுவத்தினர் வந்து மீட்டார்கள். அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் வந்து கடலூரின் வடக்குப் பகுதிகளையும் பாகூர்ப் பக்கத்தையும் மூழ்கடித்தது. எந்தத் தெருவில் யார் மாடியில் நிற்கிறார்கள், கரை எங்கே உடைந்திருக்கிறது என்று பார்க்க ட்ரோனைவிட நல்ல கருவி கிடையாது. அந்த நேரத்தில் டவர்களின் நிலை என்ன? மின்சாரம் நின்றதும் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும். பிறகு டீசல் ஜெனரேட்டர். சாலையில் நீர் நிற்கும்போது டீசல் வண்டி வந்து சேராது. கேபிள் பாலத்தோடு சேர்ந்து அறுந்திருந்தால் ஜெனரேட்டர் ஓடியும் பயனில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோதும் இதே கதைதான். கடலூரில் பல ஊர்கள் நெடுநாள் இருட்டில் கிடந்தன. ட்ரோன் மிகவும் தேவைப்படும் நாளும் வலைப்பின்னல் முதலில் சாயும் நாளும் இந்தக் கடற்கரையில் ஒன்றேதான்.

அதே நாளில் வானத்தில் ஹெலிகாப்டரும் தாழ்வாகப் பறக்க வேண்டியிருக்கும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயை அணைக்க வந்த கனடா விமானம் ஒன்றின் இறக்கையில் ஒரு சிறிய ட்ரோன் மோதித் துளை போட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது, ஆனால் தீ கொழுந்துவிட்டு எரிந்த நாட்களில் அது பழுதுபார்க்க நிறுத்தப்பட்டது. 2018 டிசம்பரில் லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிந்ததாக வந்த தகவல்களாலேயே ஓடுதளம் மூடப்பட்டு, லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் அலைக்கழிந்தார்கள். அங்கே என்ன பறக்கிறது, பறக்கிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. வெள்ள நேரத்தில் நம் ஊரில் செய்திச் சேனல் ஒன்று, ஆர்வத்தில் ஓர் இளைஞர், உதவி செய்ய நினைத்து இன்னொருவர் என்று ஆளுக்கொரு ட்ரோனை ஏற்றினால், மீட்பு ஹெலிகாப்டரின் விமானி எதை நம்பி இறங்குவார்?

ஆகவே என் முடிவு இது: ட்ரோன் விழாமல் இருப்பதும் மோதாமல் இருப்பதும் சிக்னலை நம்பி இருக்கக் கூடாது. ஏறும் முன்பே வழியும் கனஅளவும் நேரமும் பதிவாகி, அந்தத் திட்டம் ட்ரோனுக்குள்ளேயே இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் என்ன செய்வது, எந்த உயரத்தில் எங்கே திரும்புவது என்பதும் முன்பே முடிவாகி, சுற்றியுள்ளவர்களின் மென்பொருளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அப்படியானால் டவர் ஒரு நிமிடம் காணாமல் போனாலும் ட்ரோன் எங்கே இருக்கும் என்று மற்றவர்கள் கணிக்கலாம். வலைப்பின்னலுக்கு நான் கொடுக்க விரும்பும் வேலை, யார் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் சொல்வதும், ஹெலிகாப்டர் வருகிறது, இந்தப் பகுதியைக் காலி செய்யுங்கள் என்ற அறிவிப்பை நொடியில் கொண்டுசேர்ப்பதும். தொலைவிலிருந்து கைப்பிடியால் ஓட்டுவதற்கு அதை மட்டும் நம்புவது, நம் கடற்கரையின் இன்றைய நிலையில், எனக்குச் சம்மதமில்லை. 3ஜிபிபி ஆய்வே கட்டுப்பாட்டுத் தகவலுக்கு 50 மில்லிநொடித் தாமதமும் 99.9 சதவீத நம்பகத்தன்மையும் வேண்டும் என்கிறது. தகவல் போகும் வேகம் குறைவாக இருந்தாலும் போதும், ஆனால் இணைப்பு அறுந்துபோகக் கூடாது. பக்கக் கதிர்களுக்கு நடுவே அந்த உறுதியை இன்று யாரும் கொடுக்க முடியாது.

இதற்கு மேல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. பேரிடரின்போது எந்த நிறுவனத்தின் டவர் உயிரோடு இருக்கிறதோ அதில் மற்ற நிறுவனச் சந்தாதாரர்களும் இணையும் வசதி நம் நாட்டில் உண்டு. ட்ரோன் சிம்களுக்கு அதை எல்லா நாளும் திறந்துவைக்கலாம். வானத்தை நோக்கிச் சாய்த்த ஆன்டெனா ஒன்றிரண்டை ஆற்றுக்கரையிலும் கடற்கரையிலும் வைக்கலாம். தரைக்கான ஆன்டெனாவைத் தொடாமலே செய்யலாம். சீனாவில் 5ஜி அலைகளையே ரேடாராகவும் பயன்படுத்தி, தன்னை அறிவிக்காமல் பறக்கும் ட்ரோனையும் கண்டுபிடிக்க முயல்கிறார்கள். அதற்கான செலவு பெரிது. ஆனால் லாஸ்பேட்டை ஓடுதளத்தின் இரு முனைகளிலும் அது இருந்தால் நான் நிம்மதியாக உறங்குவேன்.

நிர்வாக எல்லையையும் சொல்லாமல் விட முடியாது. பாகூர் கொம்யூன் புதுச்சேரியைச் சேர்ந்தது. சுற்றிக் கடலூர் மாவட்டம். கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போகிறவர் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில் என்று எல்லையைக் கடப்பதை மதுக்கடைப் பலகைகளைப் பார்த்தே அறிவார். ட்ரோனுக்கு அந்தப் பலகை தெரியாது. தலைவர்கள் வருகையின்போது ட்ரோன் தடை அறிவித்தால் ஒரு நிர்வாகம் தன் எல்லைக்குள் மட்டுமே அறிவிக்கும். தம்பி காலையில் ஒரு வயலையும் மதியம் அடுத்த வயலையும் தெளிக்கும்போது இரண்டு அரசாங்கத்தின் கீழ் வந்துவிடுகிறான். செல்பேசிச் சேவைக்காக நாட்டைப் பிரித்திருக்கும் வட்டத்தைப் பொறுத்தவரை புதுச்சேரியும் தமிழ்நாடும் ஒன்றுதான். டவருக்கு எல்லைக்கோடு கிடையாது. ஒரே வலைப்பின்னலில் இரண்டு நிர்வாகத்தின் அறிவிப்பும் போகுமானால், தடை வரப்பைத் தொட்டதும் தம்பியின் திரையில் அது தெரியும். ஜிப்மரிலிருந்து கடலூர் மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்றாவது பாம்புக்கடி மருந்து வான்வழியாகப் போக வேண்டுமென்றாலும் இந்த ஒருங்கிணைப்பு முதலில் வந்தாக வேண்டும். தெலங்கானாவின் விகாராபாதில் 2021 செப்டம்பரிலேயே மருந்தை ட்ரோனில் அனுப்பும் சோதனை நடந்துவிட்டது. நம் பக்கம் நெல் வயலும் முந்திரித் தோப்பும் கழிமுகமும் நிறைந்தது. சாலை வளைந்து வளைந்து போகும் ஊர்களுக்கு நேர்கோட்டில் போவது எவ்வளவு பெரிய உதவி என்று வெள்ளத்தில் சிக்கியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், தென்பெண்ணைக் கரையோரம் சோரியாங்குப்பத்திலிருந்து தாழங்குடா முகத்துவாரம் வரை பச்சைப் பகுதியில் அதே கேட்கும் கருவியைக் கட்டி 30, 60, 90, 120 மீட்டர் உயரங்களில் அளக்கப் போகிறோம். ஒவ்வொரு உயரத்திலும் எந்தச் செல் முதலில் கேட்கிறது, எத்தனை செல்கள் ஒரே வலுவில் இருக்கின்றன, எந்த அடையாள எண் இரண்டு முறை வருகிறது என்பவற்றை வரைபடமாக்கி, புதுச்சேரி, கடலூர் ஆகிய இரு நிர்வாகங்களின் பேரிடர் மேலாண்மை அலுவலகங்களுக்கும் கொடுப்பேன். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, புவனகிரிப் பக்கம் உரிமத்தோடு பறப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால் ஓர் உதவி வேண்டும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் உயரம், நேரம், இடம், ட்ரோனின் கட்டுப்பாட்டு இணைப்பு தடுமாறியதா என்ற நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். தம்பி பருத்தி வயலில் தெளிக்கும்போதும் அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறான்.